பலுட்: முதலில் சாறு, அப்புறம்தான் முட்டை

[காட்சி: இரவுத் தெரு. துணி போர்த்திய கூடையோடு ஒருவர் நடந்து வருகிறார்.]

"பலூஊட்!"

இருட்டிய பிறகு பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் தெருக்களில் கேட்கும் கூவல் இது. கூடைத் துணிக்கு அடியில் சூடாக இருப்பவை வாத்து முட்டைகள். ஒவ்வொன்றிலும் பாதி வளர்ந்த குஞ்சு இருக்கும்.

பந்தயம் கட்டி இதைத் தின்று முகம் சுளிக்கும் வீடியோக்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவை வருத்தம் தருகின்றன. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இது வேலை முடிந்து வரும் வழியில் நின்று தின்னும் தீனி. நம்மூரில் சுண்டல் வாங்குவது போலத்தான்.

[காட்சி: மூங்கில் கூடை, வறுத்த நெல்]

மணிலாவை ஒட்டியுள்ள பட்டேரோஸ் ஊர் பலுட்டுக்குப் பெயர் போனது. பழைய முறையில் அடைகாக்கத் தாய் வாத்து தேவையில்லை. நெல்லை வறுத்துத் துணியில் கட்டி, முட்டைகளுக்கு இடையிடையே கூடைக்குள் அடுக்குவார்கள். அந்தச் சூட்டில் குஞ்சு வளரும். சில நாள் கழித்து முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். கரு வளராதவை 'பெனோய்' என்று தனியாக விற்பனைக்குப் போகும்.

வாத்துக் குஞ்சு பொரிக்க 28 நாள் ஆகும். பலுட்டுக்கோ 14 முதல் 18 நாள் போதும். 17, 18-ஆம் நாளில் குஞ்சைச் சுற்றி வெள்ளையாகப் பொதிந்திருக்கும். அதை 'பலுட் ச புத்தி' என்கிறார்கள். அந்தப் பக்குவத்துக்கு மவுசு அதிகம். வியட்நாமில் இன்னும் சில நாள் வளரவிடுவார்கள்.

[காட்சி: கையில் வேகவைத்த முட்டை, நெருக்கத்தில்]

சரி, இப்போது சாப்பிடுவோம். முட்டையின் அகன்ற பக்கத்தைத் தட்டுங்கள். அங்கேதான் காற்றறை இருக்கிறது. சின்னதாகத் துளை போட்டு, ஒரு சிட்டிகை உப்போ, வெங்காயமும் மிளகாயும் ஊறிய காடியோ (வினிகர்) விட்டு, உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்சிக் குடியுங்கள். பலுட்டின் ருசியே இந்தச் சாறுதான். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் அத்தனையும் கீழே கொட்டிப்போகும்.

அப்புறம் ஓட்டை உரித்து மஞ்சள் கருவையும் குஞ்சையும் தின்னலாம். அடியில் வெள்ளையாக, ரப்பர் மாதிரி ஒரு கட்டி இருக்கும். அதன் பெயர் 'பாத்தோ', அதாவது கல். பலர் அதை ஒதுக்கிவிடுவார்கள்.

குஞ்சைப் பார்க்கத் தயக்கமா? பெனோய் கேளுங்கள். கூடைக்காரரிடம் பெரும்பாலும் அதுவும் இருக்கும்.