மின்னஞ்சலைப் பூட்டுமுன்

நேயர்களுக்கு வணக்கம். மதுரை வட்டாரத்தில் தொழில் செய்வோர் பலர், விலைப்புள்ளி முதல் வங்கிக் கணக்கு விவரம் வரை அனைத்தையும் மின்னஞ்சலிலேயே அனுப்புகிறார்கள். மறைகுறியாக்கம், அதாவது உரிய சாவி இல்லாதவர் படிக்க இயலாதபடி செய்தியை மாற்றும் முறை, வேண்டுமென்று தோன்றியதும் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறார்கள். மறுமுனையில் அந்த அஞ்சலைத் திறக்கப்போகிறவர் யார் என்பதே முதற்கேள்வி என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

பெரிய மின்னஞ்சல் சேவைகள் டிஎல்எஸ் என்னும் இணைப்புப் பாதுகாப்பு முறையில் அஞ்சலை அது செல்லும் வழியில் காக்கின்றன. ஆனால் சர்வரைச் சென்றடைந்தபின் அந்தச் சேவையினரால் அதைப் படிக்க இயலும். பெறுபவர் மட்டுமே படிக்க வேண்டுமெனில், 1991இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி முறை உண்டு. சாவி இன்னாருடையது என்று உறுதிசெய்யும் மின்னணுச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்ட எஸ்/மைம் முறையும் உண்டு. அலுவலகம் முழுவதும் அவுட்லுக் என்னும் மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துமானால் எஸ்/மைம் எளிதில் பொருந்தும் என்பது என் கருத்து.

கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் அன்பர் ஒருவர், வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதால் பிஜிபியைத் தேர்ந்தார். அந்த வாடிக்கையாளரின் பொதுச் சாவி, அதாவது அவருக்கான அஞ்சலைப் பூட்ட மற்றவர் பயன்படுத்தும் சாவி, மின்னஞ்சலில் வந்தபோது, இடையில் புகுந்த எவரேனும் தம் சாவியை அனுப்பியிருக்கக்கூடும் என்பதால், முன்பே அறிந்த எண்ணில் தொலைபேசியில் அழைத்து, சாவியை இனங்காட்டும் எழுத்து, எண் வரிசையான அடையாளக் கோவையை நான்கு நான்கு எழுத்தாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். இந்த ஐந்து நிமிட வேலையை எவரும் தவிர்க்கக் கூடாது; மீண்டும் சொல்கிறேன், தவிர்க்கவே கூடாது. ஆனால் உதிரிபாகத்தின் வரைபடத்தை அவ்வளவு கவனமாகப் பூட்டியவர், தலைப்பு வரியில் பாகத்தின் பெயரையும் விலையையும் எழுதியிருந்தார். இவ்விரு முறைகளிலும் பொதுவாகத் தலைப்பு வரி மறைக்கப்படுவதில்லை. யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதும் மறையாது. இப்போது அவர் அங்கே ஆர்டர் எண்ணை மட்டுமே எழுதுகிறார்.

ஆடிட்டரிடம் கணக்கு கொடுக்கும் சிறு வணிகரிடம் இவற்றை எதிர்பார்க்க இயலாது. அவருக்குக் கடவுச்சொல்லிட்ட கோப்பே போதும். அந்தக் கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

நேரம் குறைவாக இருப்பதால் சாவிக் காப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பூட்டிய அஞ்சலைத் திறக்கும் தனிச் சாவி ஓர் ஊழியரின் கணினியில் மட்டும் இருந்து அது பழுதானால், அந்தச் சாவிக்கு வந்த பழைய அஞ்சல்களை நிறுவனமே திறக்க இயலாது. ஆகவே இன்னொரு படியை உரிமையாளரின் பொறுப்பில் வையுங்கள். எஸ்/மைம் சான்றிதழ் காலாவதியானாலும் பழைய அஞ்சல்களைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் அதன் சாவியை அழிக்காதீர்கள். நன்றி, வணக்கம்.