யூனிட்டுக்கு ஒரு பென்னி

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டின் கரியமில வாயு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? ஜப்பானைச் சேர்ந்த யோய்ச்சி காயா நாலு எண்களைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னார். எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு வருமானம், அந்த வருமானத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு எரிசக்தி செலவு, அந்த எரிசக்தியில் எவ்வளவு கரியமில வாயு. முதல் இரண்டில் கை வைக்க எந்த அரசும் துணியாது. நான் பேச வந்தது நாலாவதைப் பற்றி, அதுவும் பிரிட்டனில்.

2012இல் அங்கே 10 யூனிட் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 4 நிலக்கரியிலிருந்து வந்தது. 2016இல் அது 1 யூனிட்கூட இல்லை. நாலே வருஷம்! எப்படி?

கணக்கை மெதுவாகவே சொல்கிறேன், காகிதம் வேண்டாம். நிலக்கரியில் 1 யூனிட் எடுத்தால் ஏறக்குறைய 900 கிராம் கரியமில வாயு. நல்ல எரிவாயு நிலையமென்றால் 400 கிராமுக்குள். ஐரோப்பாவில் மின்நிலையங்கள் கரியமில வாயு விடுவதற்கான உரிமத்தைச் சந்தையில் விலைக்கு வாங்க வேண்டும். 2013இல் பிரிட்டன் அந்த விலைக்கு மேல் தன் பங்குக்கு ஒரு கரியமில வாயு வரி போட்டது. 2015 ஏப்ரலில் அது ஒரு டன் கரியமில வாயுவுக்கு 18 பவுண்டு ஆனது; 1 பவுண்டுக்கு 100 பென்னி. இதை யூனிட்டுக்கு இறக்கிப் பாருங்கள். நிலக்கரிக்கு 1.6 பென்னி, எரிவாயுவுக்கு 0.7 பென்னி. வித்தியாசம் 1 பென்னிகூட இல்லை, அன்றைய மதிப்பில் நம் 1 ரூபாய்க்குள்.

அந்த ஒரு பென்னி போதுமா? போதும். மின்சந்தையில் மலிவானது முதலில் ஓடும், விலை கூடியது கடைசியில் நிற்கும். அதே சமயம் எரிவாயு விலையும் இறங்கியது. இரண்டும் சேர்ந்ததும் நிலக்கரி வரிசையின் வாலுக்குப் போய்விட்டது. கடைசியில் நிற்கிற அனல் நிலையத்துக்கு நாளில் சில மணி நேரம்தான் வேலை. ஆறிப்போன கொதிகலனைச் சூடேற்றவே மணிக்கணக்காகும்; ஆட்களுக்குச் சம்பளமோ முழு மாசத்துக்கும் கொடுத்தாக வேண்டும். பழைய நிலையங்களுக்கு இன்னொரு இடி. கந்தகத்தை வடிகட்டும் கருவியைப் பொருத்த மனமில்லாதவை 2008 முதல் 2015 முடிய 20,000 மணி நேரம் ஓடலாம், அப்புறம் மூடிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

ஒரு பென்னி, ஒரு பென்னி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அது பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1990களிலிருந்து கட்டிய எரிவாயு நிலையங்கள் அங்கே தயாராக நின்றன, பாதி நேரம் சும்மா. மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வரி வெறும் வசூல்தான். நம் நாட்டிலும் 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் வந்தது, 2016இல் 400 ரூபாய் ஆனது. 1 டன்னில் சுமார் 1,500 யூனிட் என்று வையுங்கள், யூனிட்டுக்கு 27 பைசா. இங்கும் எரிவாயு நிலையங்கள் சும்மாதான் கிடந்தன. ஆனால் உள்நாட்டு எரிவாயு போதவில்லை, கப்பலில் வருகிறதோ கொள்ளை விலை. 27 பைசாவால் அந்த இடைவெளியை எட்ட முடியுமா? நிலக்கரி தன் பாட்டுக்கு எரிந்தது.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தொழில் வெளிநாட்டுக்கு இடம் பெயர்வதைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன், ஒரு வரியில் முடிக்கிறேன். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது 2024 செப்டம்பர் 30. அதே நாளில்தான் வேல்ஸில் போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலையும், அதாவது இரும்பு உருக்கும் உலையும், அணைந்தது. முதலாவதற்குப் பதிலாக உள்ளூரிலேயே காற்றாலை ஓடுகிறது. இரண்டாவதற்குப் பதிலாக வெளிநாட்டில் உருக்கிய எஃகு கப்பலில் வந்து இறங்குகிறது, அதன் புகை உருக்கிய நாட்டின் கணக்கில் ஏறுகிறது. வணக்கம்.