வேலை விளம்பரத்தின் கடைசி வரி

வணக்கம் நண்பர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து பேசுகிறேன். பின்னால் சேவல் கூவினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரம் காலம் தெரியாது.

வேலை விளம்பரங்களின் அடியில் ஒரு வரி வரும்: ‘சம வாய்ப்பு அளிக்கும் நிறுவனம், குறிப்பிட்ட பிரிவினருக்கு முன்னுரிமை.’ அதைப் பார்த்ததும், “இது நமக்கில்லை கண்ணா” என்று வீட்டுப் பெரியவர்கள் தாளை மடித்துவிடுகிறார்கள். தோலின் நிறத்தைப் பார்த்து வேலைகளை ஒதுக்கிய காலத்தில் வாழ்ந்தவர்கள், அவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா?

ஆனால் 1998ஆம் ஆண்டின் வேலைச் சமத்துவச் சட்டத்தில் அந்தப் பிரிவினர் யார்? ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள். இந்திய வம்சாவளியினரான நாமும் அதற்குள்தான் இருக்கிறோம்.

அதற்காக வேலை உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பதவி நிலையில் இந்தியர் ஏற்கெனவே அதிகமாக இருந்தால், நம்மை விட்டு வேறொருவரை எடுக்கலாம். சிறைத்துறைப் பதவிகள் பற்றிய ஒரு வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் அதை ஏற்றுக்கொண்டது. கூடவே, நாட்டளவு விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டது தவறு, வட்டாரத்தின் விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. நாடு முழுவதும் மூன்று சதவீதம்கூட இல்லாத நாம், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறோம். எந்தக் கணக்கை எடுக்கிறார்கள் என்பது நமக்குச் சின்ன விஷயமா?

படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கானது அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. தகுதி என்றால் சான்றிதழ் மட்டுமல்ல. முன்பு கற்றதும் அனுபவமும் கணக்கில் வரும். நியாயமான காலத்துக்குள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன் இருந்தாலும் போதும். அனுபவம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களை இது கட்டுப்படுத்தும். இதை ஏன் யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை என்று எனக்குக் கோபமே வருகிறது.

நேர்காணலில், “கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை பெறும் எண்ணம் உண்டா?” என்று கேட்டு, அதை வைத்து ஒதுக்கினால் அது நியாயமற்ற பாகுபாட்டைத் தடுக்கும் 6ஆம் பிரிவுக்குள் வரும். அங்கே சிறிய கடைக்குக்கூட விலக்கு இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தவரும் புகார் கொடுக்கலாம்; ஆறு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ (CCMA) ஆணையத்திடம் போக வேண்டும். அங்கே கட்டணம் கிடையாது. விளம்பரத்தையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் பத்திரமாக வைத்திருங்கள்.