கடைசி ஆண்டில் ஒரு மாணவருக்கு எத்தனை நோயாளிகள்?

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னால், பாடத்திட்டத்தில் இன்னும் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் சேர்த்தது போதும். வேறொன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரியின் கடைசி ஆண்டு மாணவர் வார்டில் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்? பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். அந்த ஒருவருக்கு என்னென்ன கவனிப்பு தர வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேர் பிளான் எழுதி, சிவப்பு மையில் திருத்தம் வாங்கி, மறுபடி எழுதுவார். பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு வரிசைக் கட்டில்கள் முழுக்க அவர் பொறுப்பு. கேர் பிளான் எழுத உட்காரக்கூட நேரம் இருக்காது.

இந்த அதிர்ச்சி புதியதல்ல. அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் மார்லீன் கிரேமர் 1974-லேயே இதற்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்து, புதிய செவிலியர்கள் தொழிலை விட்டுப் போவதற்கு இதையே காரணமாகக் காட்டினார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி என்றுதான் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் வகுப்பறைப் படிப்பு வீண் என்று சொல்கிறேனா? இல்லை. செவிலியப் பணி ஆய்வாளர் லிண்டா ஐக்கென் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். பட்டம் பெற்ற செவிலியரின் விகிதம் 10 சதவீதம் கூடிய இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதல் பாதியை மட்டும் பட்டமளிப்பு விழாக்களில் சொல்கிறோம்!

காலை எட்டு மணி வார்டைப் பாருங்கள். ஒருவருக்குச் சிற்றுண்டி வந்துவிட்டது, இன்சுலின் இன்னும் போடவில்லை. இன்னொருவருக்கு டிரிப் முடியப்போகிறது. டிஸ்சார்ஜ் தாள் எங்கே என்று ஒரு உறவினர் சத்தம் போடுகிறார். மூலைக் கட்டிலில் இருக்கும் முதியவரோ எதுவும் கேட்காமல் படுத்திருக்கிறார். நேற்று நிமிடத்துக்கு 16 தடவை மூச்சு விட்டவர், இன்று 26 தடவை விடுகிறார். முதலில் போக வேண்டியது அவரிடம். ஆனால் நம் பிள்ளைகள் சத்தம் வரும் திசைக்குத்தான் போவார்கள், ஏனென்றால் நால்வரில் யார் முதலில் என்று முடிவெடுக்கும் வேலையை நாம் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. அப்புறம் இன்னொன்று. அந்த 26-ஐக் கண்டுபிடிக்க ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டும். எத்தனை சார்ட்டுகளில் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி 20 என்று எழுதியிருக்கிறது என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியாததா? உடல்நிலை மோசமாவதை மூச்சு எண்ணிக்கை பல நேரங்களில் பிபிக்கு முன்பே காட்டிவிடும்.

சரி, கண்டுபிடித்துவிட்டார். அடுத்து டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இங்கேதான் நம் கல்வி அதிகம் தடுமாறுகிறது என்பது என் எண்ணம். நோயாளியின் நிலைமையை டாக்டரிடம் ஒழுங்காகச் சொல்வதற்கான ‘எஸ்பார்’ முறையை எல்லோரும் பாடம் நடத்துகிறோம். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது: இப்போதைய நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. தேர்வில் நான்கையும் பிழையில்லாமல் எழுதுகிற மாணவர் போனில் என்ன சொல்கிறார்? “டாக்டர், பேஷண்டுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது.” அவ்வளவுதான். “நிமிடத்துக்கு 26, ஆக்சிஜன் அளவு 90, நிலை மோசமாகிறது என்று நினைக்கிறேன், இப்போதே வந்து பாருங்கள்” என்று வாய் வரவில்லை. ‘நினைக்கிறேன்’ என்று சொல்ல எங்கே பழக்கினோம்? சொன்னதைச் செய் என்று பழக்கினோம். கடைசி நாளில் திடீரென்று வாயைத் திற என்றால் எப்படித் திறக்கும்?

இதை நோயாளி முன் பழக முடியாவிட்டால், பொம்மையை நோயாளியாக வைத்துப் பழகும் சிமுலேஷன் கூடத்தில் பழகலாம். அமெரிக்காவில் பத்துக் கல்லூரிகளில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், நேரடிப் பயிற்சிக்கான மொத்த நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனாக மாற்றியும் மாணவர் திறனில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. தரமான என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசினார்கள். விலை உயர்ந்த பொம்மையை வாங்கி, கெட்டுப்போகும் என்று பூட்டி வைப்பது அதில் சேராது.

ஒரு எதிர்ப்பு வரும், நியாயமானதுதான். மாணவருக்கு ஐந்தாறு நோயாளிகளைக் கொடுத்தால் மருத்துவமனைக்கு இலவச ஆள் கிடைத்த மாதிரி ஆகிவிடாதா? ஆகிவிடும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கிய பிறகு பல நாடுகளில் முளைத்த மருத்துவமனைப் பள்ளிகள், பல பத்தாண்டுகள் மாணவிகளின் உழைப்பில்தான் வார்டை நடத்தின. பல்கலைக்கழகத்துக்குள் படிப்பைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் நான் கேட்பது, வார்டின் ஆள் கணக்கில் மாணவரைச் சேர்க்கவே கூடாது. ஐந்து பேரை மாணவர் பார்க்கும்போது, அந்த ஐந்து பேருக்கும் பொறுப்பான செவிலியர் பக்கத்தில் இருக்க வேண்டும், அன்று அவருக்கு வேறு கட்டில்கள் கொடுக்கக் கூடாது. முதலில் இரண்டு, பிறகு மூன்று, கடைசி மாதங்களில் ஐந்து. இரவு ஷிப்டும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணிநேரம், அதில் பாதியாவது நேரடிப் பயிற்சி. மணிக்கணக்கு எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறது. அந்த மணிகளில் மாணவர் தானாக எடுத்த முடிவு எது என்று எழுத நம் பதிவேடுகளில் ஒரு கட்டம்கூட இல்லை.

செய்முறைத் தேர்வில் ஒரு சின்ன மாற்றம் கேட்கிறேன். ஒரு மேசை, அதில் ஒரு போன். மறுமுனையில் தேர்வாளர், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டராக. மாணவர் நிலைமையைச் சொன்னதும் அவர் “காலையில் பார்க்கலாம்” என்று போனை வைத்துவிட வேண்டும். அதன்பிறகு மாணவர் யாரை அழைக்கிறார், என்ன சொல்கிறார் என்பதற்குத்தான் மதிப்பெண். எத்தனை மதிப்பெண் என்பதை மதியக் கூட்டத்தில் பேசலாம். நான் இருபதுக்குக் குறைய ஒப்புக்கொள்ள மாட்டேன்.