சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறுகதைப் பட்டறை ஒன்றின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, மாரியம்மன் ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினரே, சட்டமன்ற உறுப்பினரின் பேராளராக வந்து முன்வரிசையில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, விடியற்காலையிலேயே வந்து மீ கோரெங்கும் தேநீரும் ஆயத்தம் செய்த மகளிர் பிரிவினரே, பின்வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். நம் விருந்தினர் டத்தோ அவர்கள் ஈப்போவிலிருந்து வந்துகொண்டிருக்கிறாராம். வந்ததும் உரையை நிறுத்தி மாலை போடுவோம் என்று ஏற்பாட்டாளர்கள் ஏற்கெனவே என் காதில் போட்டுவிட்டார்கள்.

சொந்த அனுபவத்தையும் உணர்ச்சியையும் கதையாக்குவது எப்படி? இதுதான் தலைப்பு. நம் பாட்டிமார் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நான் ஐந்தாகப் பிரித்துப் பேச எண்ணியிருக்கிறேன். சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, உணர்ச்சியைக் காட்டுவது, நிஜ மனிதரை மறைப்பது, கற்பனைக்கு எவ்வளவு இடம், கடைசியாக நடை.

முதலாவது. உங்கள் வாழ்க்கையில் ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை வைத்து 20 நிமிடம் எழுதுங்கள். சோகம், வேதனை, மகிழ்ச்சி, ஏக்கம் ஆகிய நான்கு சொற்களுக்கும் அன்று விடுமுறை. யார் கையில் என்ன இருந்தது, அடுப்பில் என்ன வெந்தது, எந்தச் சத்தம் கேட்டது, யார் வாயைத் திறக்கவில்லை, இவற்றை மட்டும் எழுதுங்கள். 40 விவரம் வரும். அதில் 35, மழை பெய்தது, நாய் குரைத்தது என்று யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை. அடித்துவிடுங்கள். மிச்சமுள்ள ஐந்தும் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. 1,200 சொல் கதை அதில் இரண்டைத்தான் தாங்கும். ஐந்தையும் அள்ளிப் போட்டால் கதை கண்காட்சி ஆகிவிடும்.

இன்னொன்று, காலம். சண்டை நடந்த இரவே எழுதினால் வருவது புகார்க் கடிதம். குறிப்பை அன்றே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் விவரம் ஆவியாகிவிடும். கதையை ஆறு மாதம் கழித்துத் தொடுங்கள். எதிராளியும் ஒரு நியாயத்தோடுதான் கத்தினார் என்று அதற்குள் தெரிய வந்திருக்கும்.

இரண்டாவதுக்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஓர் இளைஞன். கோயில் திருவிழா மலருக்குத் தாத்தாவின் மரணத்தைக் கதையாக எழுதினான். எழுதி, பாட்டிக்குப் படித்துக் காட்டினான். "தாத்தா கண் மூடியதும் பாட்டியின் விழிகளில் அருவி கொட்டியது" என்று முதல் வரி. பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நான் எப்பப்பா அழுதேன்? கருமாதி முடிஞ்ச மறுநாளே பெரட்டுக்குப் போயிட்டேனே." பெரட்டு என்றால் விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். அங்கே போனவளுக்கு மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, கொடுத்தது கிழவன் வெட்டிவந்த மர நிரை. ஏறக்குறைய 400 மரம். பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள், இங்கே பலர் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டை போகும். மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர், வருடத்துக்கு ஒரு சாண். மேலோட்டமாக வெட்டினால் பால் இறங்காது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்காமல் கட்டையில் கத்தி பட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

(இந்த இடத்தில் டத்தோ அவர்கள் அரங்கினுள் வந்தார். மாலை அணிவிக்கப்பட்டது.)

டத்தோ அவர்களுக்கு வணக்கம். ஒரு பாட்டியைப் பால்மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தோம், அவளிடமே போவோம். கிழவன் கோபக்காரன். நல்ல நாளில் அவனைப் போல வெட்ட ஆள் கிடையாது, கோபம் வந்தால் கத்தி ஆழமாக இறங்கிவிடும். அதனால் அந்த 400 மரத்திலும் அவன் கோபங்கள் முடிச்சு முடிச்சாக நின்றன. பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள். "இது உங்க அப்பனுக்கு அம்மை போட்ட மாசம். இது கள்ளுக்கடைச் சண்டை. இந்தா, இது பெருசு. நான் கோவிச்சுக்கிட்டு எங்க அம்மா தோட்டத்துக்குப் போன மாசம். மனுசன் மரத்துமேல காட்டியிருக்காரு." (சிரிப்பு.) சிரியுங்கள், பேரனும் சிரித்தான். பிறகுதான் கேட்டான்: "அப்ப நீ அழவே இல்லையா பாட்டி?" "அழுதேன். ரெண்டு வருசம் கழிச்சு. வெட்டு அடிக்கு வந்துருச்சுன்னு மறுபக்கம் பட்டை திறந்தாங்க. அன்னைக்குத்தான். அவரு மரத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாருல்ல."

பையன் ஓடிப்போய் இதை அப்படியே எழுதினான். அருமையாக எழுதினான். கடைசி வரியில் மட்டும் கை சும்மா இருக்கவில்லை: "பாட்டியின் விழிகளில் அருவி கொட்டியது." அவ்வளவு தூரம் நடந்து போயும் பழைய அருவியைத்தான் தோளில் சுமந்து வந்தான்! உங்கள் கதைகளின் கடைசிப் பத்தியை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். அநேகமாக அங்கே ஓர் அருவி இருக்கும். அதை அடைத்தாலே பாதித் திருத்தம் முடிந்தது.

வெறும் உத்தியாக இதைச் சொல்லவில்லை, தொல்காப்பியர், உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியலில், கணக்கே போட்டு வைத்திருக்கிறார். அழுகை நான்கு காரணத்தால் வரும்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. நம் கதைகளில் அழுபவர் எல்லாரும் இழவில்தான் அழுகிறார்கள், மற்ற மூன்றும் பூட்டிக் கிடக்கின்றன. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த வீட்டில் நடந்தது அசைவு. அதே வீட்டின் மூத்த மகனுக்கு வந்தது வெகுளி. அதற்கும் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு காரணம் சொல்கிறார். குடிகோள் என்றால் குடியை அலைக்கழிப்பது. தோட்டத்துக்காரர் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது! அழும் காட்சியை எழுதுமுன் நான்கில் எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்க முடியவில்லை என்றால் காட்சி இன்னும் பழுக்கவில்லை.

மூன்றாவது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், சரி. ஆனால் சட்டியில் வேகிற அரிசி பாதி அடுத்த வீட்டு அரிசி. மாமன், அத்தை, பக்கத்து லயத்து அக்காள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். அகத்திணையில் "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்" என்று விதி, காதல் பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. பெயரை மாற்றினால் மட்டும் போதுமா? இந்த ஊரில் மோட்டார் சைக்கிளைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வயதில் பத்து வருடம் கூட்டுங்கள், தொழிலை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒருவராக்குங்கள். மாமனின் மோட்டார் சைக்கிளும் மீசையும் போகட்டும். கடனைக் கேட்க வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாரே, அதில் கை வைக்காதீர்கள். "உண்மையில் அப்படித்தானே நடந்தது" என்று வாதாடுவதும் வேண்டாம். நடந்ததாலேயே வாசகர் நம்பிவிட மாட்டார்.

நான்காவதும் ஐந்தாவதும் பெரிய பேச்சு. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கற்பனையையும் நடையையும் பிற்பகல் அமர்வுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

1948 ஜூன் 16 காலையில் நம் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதும், அதை ஒட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், அது 1960 வரை நீடித்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்ச் சேராதபடி, முள்வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, இருட்டில் வெட்டுக்குப் போன தாய் வெறும் வயிற்றோடு எத்தனை மணி வரை தாங்கினாள், திரும்பி வந்ததும் முதலில் எதைத் தேடினாள், இவை எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன? அன்று ஏழு வயதாக இருந்தவர் இன்று 80-ஐத் தாண்டியவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு பெரட்டு, பால் வடியும் மங்கு, உறைந்துபோன ஒட்டுப்பால் என்ற சொற்களுக்கே விளக்கம் கேட்கிறார்கள் பிள்ளைகள். சட்டியே கைமாறிக்கொண்டிருக்கிறது. அகப்பையை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் என்ன வரும்?

இந்த மண்டபத்தின் பின்னறை பழைய நாற்காலிகளுக்கும் கிழிந்த பேனர்களுக்கும் கிடங்காகக் கிடக்கிறது. அதை வாசிப்பறையாக்குங்கள் என்று இந்த மேடையில் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். கேட்பது பேராசை இல்லை. 1950இலேயே தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். 1952இல் இங்கே வந்த சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமி, அதே நாளிதழில் இருந்துகொண்டு எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். நமக்கு வேண்டியது ஒரு மேசை, இரண்டு மின்விசிறி, பூட்டுள்ள ஓர் அலமாரி. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெரியவரை அழைத்து உட்காரவைப்போம். ஒருவர் கேட்க, ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்ய, ஒருவர் சொற்களை நோட்டில் எழுத. ஒரு தடவைக்கு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "அன்னைக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். பதிவில் பெரியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் முதலிலேயே சொல்லவையுங்கள். கதையாக்குவதற்கு முன் அவரிடமோ பிள்ளைகளிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டத்தோ அவர்கள் தலையசைப்பதாகத் தெரிகிறது, அதை ஒரு மின்விசிறியாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். (கைத்தட்டல்.) பின்னறைச் சாவி ஆலயப் பொருளாளரிடம் இருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம், மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.