பின்வரிசையில் இருந்தவரின் பேர்

மாண்புமிகு நடுவர் அவர்களே, ஹட்டனின் இந்தக் குளிரிலும் அரங்கை நிறைத்திருக்கும் அவையோரே, வணக்கம். இசைக்குழுவின் உயிர் முன்னே நிற்பவரிடமா, பின்னே இருப்பவரிடமா என்பது தலைப்பு. பின்னே இருப்பவரிடமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பிங்க் ஃபுளோயிட் என்ற ஆங்கிலேய ரொக் இசைக்குழுவைக் காட்டி, அதில் பாடி, கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் நீக்கப்பட்ட பின்னும் குழு இயங்கத்தானே செய்தது என்று கேட்டார். அதே ரைட்டை நானும் சாட்சிக்கு அழைக்கிறேன்.

லண்டனில் கட்டடக்கலை படிக்கச் சென்று, அங்கே ரோஜர் வாட்டர்ஸையும் நிக் மேசனையும் சந்தித்து, குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரானவர் அவர். 1971இல் வெளிவந்த 'எக்கோஸ்' 23 நிமிடங்களுக்கு மேல் நீளும் பாடல். அதன் தொடக்கத்தில், சுழலும் ஒலிபெருக்கி வழியாக வரும் ஒரே ஒரு பியானோச் சுரம், பனிமூட்டத்துக்குள் சொட்டும் நீர்த்துளிபோல் விட்டுவிட்டு ஒலிக்கிறது. பின்னர் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரும் ரைட்டும் இணைந்து பாடும்போது, இரு குரல்களும் ஒன்றாகவே கேட்கின்றன. 1973இன் 'தி டார்க் சைட் ஒஃப் த மூன்' தொகுப்பில் கிளேர் டோரி சொற்களின்றிப் பாடியதைக் கேட்டு எல்லோரும் வியக்கிறோம், வியக்கத் தகுந்ததுதான். அந்தக் குரல் ஏறிச் செல்வதற்குப் பியானோவில் பாதை வெட்டியவர் ரைட்.

நம் தோட்டத்துத் திருவிழா ஒன்றில் இதை நான் கண்ணாரக் கண்டேன். நள்ளிரவுத் தூறலில் ஓகனைப் பொலித்தீனால் பாதி மூடிக்கொண்டு ஒருவர் வாசித்தார். குளிரில் பாடகரின் தொண்டை கட்டி, மேல் சுரம் எட்டாமல் போனதும், அடுத்த பாட்டுக்கு முன் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை இறக்கிக் கொடுத்தார். கைதட்டல் பாடகருக்குக் கிடைத்தது. ஓகன்காரர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இனி, நண்பர் சொன்ன நீக்கத்துக்கு வருகிறேன். 1979இல் 'தி வோல்' உருவான காலத்தில் ரைட்டின் பங்களிப்பு குறைந்திருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. வாட்டர்ஸின் வற்புறுத்தலால் அவர் வெளியேற்றப்பட்டார். ஆயினும், 1980இலும் 1981இலும் அதே தொகுப்பை மேடையேற்ற அவரையே சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். செக்ரோல் என்ற தோட்டத்து வரவுப் பதிவேட்டையும், அரைநாள் கூலியான அரைப்பேரையும் அறிந்த நமக்கு இதன் வலி தெரியும்: பங்காளி, தாம் தொடங்கிய குழுவிலேயே பேருக்கு, அதாவது கூலிக்கு, வேலை செய்யும் ஆளானார். தேவையில்லாத ஒருவரை யாராவது சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்களா, நடுவர் அவர்களே?

அவர் இல்லாமல் 1983இல் ஒரு தொகுப்பு வந்தது. 1985இல் வாட்டர்ஸே விலகினார். எஞ்சியவர்கள் 1987இன் தொகுப்புக்கு ரைட்டை மீண்டும் அழைத்தார்கள். 1994இல் வந்த 'தி டிவிஷன் பெல்' தொகுப்பில் ஒரு பாடலை அவரே முதன்மைக் குரலாகப் பாடினார்.

2008 செப்டெம்பர் 15இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2014இல், கில்மோரும் மேசனும் 'தி எண்ட்லெஸ் ரிவர்' தொகுப்பை வெளியிட்டார்கள். 'தி டிவிஷன் பெல்' காலத்தில் ரைட் வாசித்து வைத்திருந்த பதிவுகளை எடுத்து, அவற்றைச் சுற்றியே அதைக் கட்டினார்கள்.