ஃபைபரை எங்கே நிறுத்தலாம்: தெருமுனையிலா, கட்டடத்திலா, வீட்டுக்குள்ளேயா?

வணக்கம். ஒரு நேயர் அனுப்பின கேள்வி, அப்படியே படிச்சிடறேன். "600 வீடு இருக்கிற ஒரு பகுதிக்கு பிராட்பேண்ட் நெட்வொர்க் போடணும். எக்ஸ்சேஞ்ச் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. எல்லா வீட்டுக்கும் பழைய டெலிபோன் காப்பர் ஏற்கனவே போயிருக்கு. தெருமுனை கேபினட் வரைக்கும் ஃபைபர் இழுத்துட்டு, மிச்ச தூரத்துக்கு அந்தக் காப்பரையே வெச்சுக்கலாமா? இல்ல வீடு வரைக்கும் ஃபைபர்தானா? நடுவுல எங்கேயாவது நிறுத்தலாமா?"

நல்ல கேள்வி. இதுக்கு "எப்பவும் வீடு வரைக்கும் போடுங்க"ன்னு ஒரே வரியில சொல்றவங்க நிறைய பேர். பெரும்பாலும் அது சரிதான். ஆனா ஏன் சரின்னு தெரிஞ்சாதான், எந்த இடத்துல அது சரியில்லைன்னும் தெரியும்.

காப்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம். வேகம் வேணும்னா அதிகமான அதிர்வெண் பயன்படுத்தணும். அதிர்வெண் ஏற ஏற கம்பியில சிக்னல் தேயறதும் ஏறும். நீளம் கூடினா அதே கணக்குல இன்னும் தேயும். டெலிபோன் காப்பர்ல இன்டர்நெட் ஓட்டற முறைகளை, பழசுல இருந்து புதுசு வரைக்கும், வரிசையா சொல்றேன். ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது. விடிஎஸ்எல்2-ல 17ஏ ப்ரொஃபைல் 17.6 மெகாஹெர்ட்ஸ், 35பி 35 மெகாஹெர்ட்ஸ். ஜி.ஃபாஸ்ட் 106, அதுக்கு அடுத்தது 212 மெகாஹெர்ட்ஸ். இந்த வரிசையில ஒவ்வொரு படி ஏறும்போதும் காப்பர் நீளத்தை வெட்டிக் குறைச்சாகணும்.

தோராயமா எண்கள் சொல்றேன். 17ஏ, வெக்டரிங்கோட (பக்கத்துக் கம்பிகளோட இரைச்சலைக் கழிக்கற முறை, பின்னாடி சொல்றேன்), 300 மீட்டருக்குள்ள இருந்தா 100 மெகாபிட் பக்கம் வரும். 1 கிலோமீட்டர்ல 25, 30 மெகாபிட்தான். 1.5 கிலோமீட்டர் தாண்டிட்டா விடிஎஸ்எல் போட்டதுக்கும் பழைய ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸுக்கும் பெரிசா வித்தியாசம் இருக்காது. ஜி.ஃபாஸ்ட் தரநிலை 2014-ல வந்தப்போ வெச்ச இலக்கு 100 மீட்டர்ல 500 மெகாபிட், 250 மீட்டர்ல 150 மெகாபிட். இதுல ஒரு விஷயம்: ஜி.ஃபாஸ்ட் எண்கள் இறங்கறதையும் ஏறறதையும் சேர்த்துச் சொல்றது. டவுன்லோட் மட்டும்னு நினைச்சு வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துடாதீங்க.

இங்கே எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு. கேபினட்ல இருந்து வீடுகள் சராசரியா 450 மீட்டர், அதனால பரவாயில்லைன்னு கணக்குப் போடுவாங்க. சராசரி தூரத்துல யாரும் குடியிருக்கிறதில்லை. வரைபடத்துல நேர்கோடு போட்டு அளக்கறதும் ஏமாத்தும், ஏன்னா கேபிள் தெருவைச் சுத்தி, மூலை திரும்பி, சில இடத்துல பின்னாடி போய் முன்னாடி வரும். நேர்கோடு 600 மீட்டர்னா கம்பி 900 மீட்டர் இருக்கலாம். கேபிள் பதிவேடு இருந்தா அதை எடுங்க. இல்லைன்னா ஒவ்வொரு விநியோகப் பெட்டியிலயும் சில ஜோடிகளை (வீட்டுக்குப் போற ரெண்டு கம்பி ஒரு ஜோடி) டிடிஆர் மீட்டர், அதாவது துடிப்பு அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சு நீளம் சொல்ற கருவி, வெச்சு அளந்துடுங்க. எல்லா வீட்டையும் நீள வரிசையில அடுக்கி, கடைசி 15 சதவீதத்துக்கு என்ன வேகம் கிடைக்கும்னு பாருங்க. அந்த வேகம் உங்களுக்கு ஏத்துக்கக்கூடியதா இல்லைன்னா கேபினட்ல நிறுத்தற யோசனை அங்கேயே முடிஞ்சது. ஏன்னா புகார் வரப்போறது அந்த 90 வீட்டுல இருந்துதான்.

அளக்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காதீங்க. கம்பி விட்டம் 0.4 மில்லிமீட்டரா 0.5-ஆ? 0.4-ல தேய்மானம் அதிகம். பிரிட்ஜ்டு டேப் இருக்கா? அதாவது எப்பவோ இணைச்சுட்டு, வெட்டாம விட்டுட்டுப் போன கிளைக் கம்பி. பேச்சுக்கு அது தொல்லையே இல்லை. ஆனா விடிஎஸ்எல் சிக்னல் அந்த முட்டுச்சந்துக்குள்ள போய், முட்டித் திரும்பி வந்து, குறிப்பிட்ட சில அதிர்வெண்கள்ல பள்ளம் விழ வெச்சிடும். ஜாயின்ட்ல தண்ணி இறங்கியிருந்தா மழை பெய்யும்போது மட்டும் லைன் விழும். அது கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமான கோளாறு, நீங்க சோதிக்கப் போற அன்னைக்கு வெயில் அடிக்கும்.

அப்புறம் வெக்டரிங். ஒரே கேபிள்ல பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஒண்ணுக்கொண்ணு இரைச்சல் கொடுக்கும். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு எதிர் சிக்னலால கழிக்கறதுதான் வெக்டரிங். அது வேலை செய்யணும்னா அந்தக் கேபிள்ல இருக்கிற எல்லா விடிஎஸ்எல் ஜோடியும் ஒரே டிஎஸ்லாம், அதாவது கேபினட்ல இருக்கிற டிஎஸ்எல் கருவி, அதோட கட்டுப்பாட்டுல இருக்கணும். இன்னொரு நிறுவனம் அதே கேபிள்ல தன் கருவியை மாட்டியிருந்தா உங்க வெக்டரிங் பலன்ல பெரும்பகுதி போயிடும். திட்டத்துல 100 மெகாபிட்னு எழுதறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கணும்.

சரி, நடுவுல நிறுத்தறதுக்கு வருவோம். கேபினட்டை விட இன்னும் கிட்டே, வீட்டுக்கு 50, 100 மீட்டர் தள்ளி ஒரு கம்பத்துல ஜி.ஃபாஸ்ட் பெட்டி மாட்டறது. காகிதத்துல அழகா இருக்கும். ஆனா கருவிகளை எண்ணிப் பாருங்க. கேபினட்னா 200 வீட்டுக்கு ஒண்ணு, உங்களுக்கு மூணு போதும். கம்பத்துப் பெட்டி 8 வீட்டுக்கு ஒண்ணுன்னா 75 பெட்டி வேணும். 75 இடத்துல மின்சாரம் ஓடற கருவி, வெயில்லயும் மழையிலயும். ஒவ்வொண்ணுக்கும் மின் இணைப்பு வாங்க முடியாதுன்னுதான் வீட்டுல இருந்தே காப்பர் வழியா திருப்பி மின்சாரம் கொடுக்கிற முறை வந்தது. அப்போ வாடிக்கையாளர் ஸ்விட்சை அணைச்சா அவர் வீட்டுல இருந்து உங்க பெட்டிக்கு வர்ற மின்சாரம் நின்னுடும். அந்த நேரத்துல யார் வீட்டு மின்சாரத்துல பெட்டி ஓடுதுங்கறது இன்னொரு தகராறு. போதாததுக்கு அதே கேபிள்ல விடிஎஸ்எல் ஓடிட்டு இருந்தா, ஜி.ஃபாஸ்ட் அந்த அதிர்வெண்களை விட்டுக்கொடுத்து 17.6 மெகாஹெர்ட்ஸுக்கு மேலதான் ஆரம்பிக்கணும். கம்பியில நல்லா ஓடற கீழ்ப்பகுதி முழுக்கப் போயிடுது, எட்டற தூரமும் குறையுது. இவ்வளவு பண்ணியும் மிச்சப்படுத்தினது கடைசி 80 மீட்டர் ஃபைபர். தனி வீடுகள் இருக்கிற தெருவுல நான் இதைச் சிபாரிசு பண்ண மாட்டேன்.

அடுக்குமாடிக் கட்டடம் கதை வேற. அங்கே ஃபைபரை அடித்தளத்துல நிறுத்தறது உண்மையிலேயே நியாயமான முடிவா இருக்கலாம். கட்டடத்துக்குள்ள கம்பி 30, 40, அதிகபட்சம் 80 மீட்டர்தான். மின்சாரம் பக்கத்துலயே இருக்கு. ஒரே இடத்துல ஒரு கருவி. கட்டடத்துல ஏற்கனவே கேட்5இ கேபிள் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருந்தா டிஎஸ்எல் கூட வேண்டாம். 100 மீட்டருக்குள்ளன்னா நேரா ஈதர்நெட்லயே 1 ஜிகாபிட் கொடுத்துடலாம். பழைய டெலிபோன் கம்பி மட்டும்தான், சுவரைத் துளைக்க உரிமையாளர்கள் விடமாட்டேங்கறாங்கன்னா ஜி.ஃபாஸ்ட்டுக்கு இதுதான் சரியான இடம். மாடிக்கு மாடி கேபிள் ஏத்தற ரைசர் குழாய்ல இடம் இருந்து, துளைக்கவும் அனுமதி இருந்தா, அங்கேயும் வீடு வரைக்கும் ஃபைபர்தான் நல்லது.

இப்போ வீடு வரைக்கும் போனா கணக்கு எப்படி வரும்? உங்க 4 கிலோமீட்டரையே போட்டுப் பார்க்கலாம். ஜிபான், அதாவது ஒரே இழையைப் பல வீடு பங்கு போடற முறை. 1:32 ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு இழையோட ஒளியை 32-ஆ பிரிக்கற, மின்சாரம் வேண்டாத பாகம். வழியில ஒளி எவ்வளவு தேயுதுங்கறதை டெசிபல்ல கூட்டிட்டு வருவோம். ஃபைபர்ல 1310 நானோமீட்டர்ல கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல், நாலுக்கு 1.4. ஸ்ப்ளிட்டருக்கு 17.5. கனெக்டர் நாலு, ஒண்ணுக்கு 0.5 வீதம் 2. ஸ்ப்ளைஸ் (இழையை இழையோட ஒட்டற இடம்) எட்டு, 0.1 வீதம் 0.8. மொத்தம் 21.7 டெசிபல். பி பிளஸ் ஆப்டிக்ஸ் (ஒளியை அனுப்பி வாங்கற பாகத்துல ஒரு வகை) 28 டெசிபல் வரைக்கும் தாங்கும். மிச்சம் 6.3. பின்னாடி கேபிள் அறுந்து ஒட்டுப் போடறது, அழுக்கு, பழசாகறது இதுக்கெல்லாம் 3 டெசிபல் ஒதுக்கினாலும் தாராளம். அதையே 1:64-னு மாத்தினா கூடுதலா 3.5 போகும், மிச்சம் 2.8 ஆயிடும். ஓடும், ஆனா முதல் ரிப்பேர்லயே விளிம்புக்கு வந்துடும். 64 வேணும்னா 32 டெசிபல் தாங்கற சி பிளஸ் ஆப்டிக்ஸ் வாங்குங்க. கவனிச்சீங்களா, 4 கிலோமீட்டர் தூரம் தின்னது 1.4 மட்டும்தான். ஃபைபர்ல தூரம் பிரச்சினையே இல்லை, எத்தனையா பிரிக்கறோம்ங்கறதுதான் பட்ஜெட்டைத் தின்னுது. காப்பர்ல பழகினவங்களுக்கு இது தலைகீழா இருக்கும்.

"2.5 ஜிகாபிட்டை 32 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 78 மெகாபிட்தானே"ன்னு ஒரு வாதம் வரும். 32 வீடும் ஒரே நொடியில முழு வேகத்துல இழுத்தா அப்படித்தான். நிஜத்துல அப்படி இழுக்கறதில்லை. எக்ஸ்சேஞ்சில அந்த 32 வீட்டுக்கும் பொதுவான போர்ட்டோட உச்ச நேரப் பயன்பாட்டைப் பார்த்துட்டே இருங்க. தொடர்ந்து 70 சதவீதத்தைத் தாண்டினா எக்ஸ்ஜிஎஸ் பானுக்கு, அதாவது ஜிபானுக்கு அடுத்த வேகமான தலைமுறைக்குப் போகலாம். அது இறங்க 1577, ஏற 1270 நானோமீட்டர். ஜிபான் 1490, 1310. அலைநீளம் வேறங்கறதால எக்ஸ்சேஞ்சில ஒரு கோஎக்சிஸ்டன்ஸ் ஃபில்டர் போட்டா ரெண்டும் அதே இழையில, அதே ஸ்ப்ளிட்டர் வழியா ஓடும். அந்த ஃபில்டருக்கும் ஒரு டெசிபல் இப்பவே எடுத்து வெச்சுடுங்க. வேகம் வேணும்ங்கற வீட்டுல மட்டும் ஓஎன்டியை, அதாவது ஃபைபர் வந்து சேர்ற வீட்டுக் கருவியை, மாத்தினா போதும். பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. காப்பர்ல ஒவ்வொரு வேக உயர்வுக்கும் பள்ளம் வீட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் நகரணும்.

சரி, பணம் இப்போ அவ்வளவு இல்லை, கேபினட் வரைக்கும்தான் முடியும்னா? போடுங்க, தப்பில்லை. ஆனா போடறதை அடுத்த படிக்கும் சேர்த்துப் போடுங்க. இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்குது. 200 வீட்டு கேபினட்டுக்கு விடிஎஸ்எல் ஓட்ட ரெண்டே இழை போதும். காப்புக்கு நாலுன்னு வெச்சு சின்ன கேபிள் இழுத்துடுவாங்க. அதே 200 வீட்டுக்கு நாளைக்கு 1:32 ஸ்ப்ளிட்டர் போட்டா ஏழு இழை வேணும். நாலை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மறுபடி 4 கிலோமீட்டர். செலவுல பெரும்பகுதி பள்ளத்துக்கும் குழாய்க்கும் சாலையைச் சரிபண்றதுக்கும்தான் போகுது. 12 இழைக்குப் பதிலா 24 இழை கேபிள்னா அதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை. கேபினட்டுக்கு 24, கூடவே ஒரு காலி மைக்ரோடக்ட் (பின்னாடி இழை விட ஒரு சின்னக் குழாய்), கேபினட் சேம்பர்ல (கேபிள் வந்து சேர்ற குழி) 15, 20 மீட்டர் உபரிச் சுருள், பெட்டிக்குள்ள ஸ்ப்ளிட்டருக்கு இடம். இது இருந்தா பின்னாடி வீட்டுப் பக்கம் மட்டும் வேலை பார்த்தா போதும்.

அரைவழியில நிறுத்தினா என்ன ஆகும்னு பெரிய அளவுல பார்க்கணும்னா ஆஸ்திரேலியாவோட தேசிய நெட்வொர்க்கைப் பார்க்கலாம். 2009-ல பெரும்பாலான வீடுகளுக்கு நேரடி ஃபைபர்னு அறிவிச்சாங்க. 2013-ல ஆட்சி மாறினதும் தெருமுனை வரைக்கும் ஃபைபர், மிச்சம் காப்பர்னு மாத்தினாங்க. 2020-ல அந்தத் தெருமுனை வீடுகளுக்கே வீடு வரைக்கும் ஃபைபர் கொடுக்கிற திட்டத்தை அறிவிச்சாங்க.

இன்னொரு விதமாவும் "எங்கே நிறுத்தறது"ங்கற கேள்வி வரும், அதை நீங்க கேட்கலை, ஆனா உங்களுக்கு ரொம்பத் தேவை. வீடு வரைக்கும் ஃபைபர்னு முடிவு பண்ணிட்டா 600 வீட்டுக்குள்ளயும் முதல் நாளே இழுக்கணும்னு இல்லை. தெருவுல 8 போர்ட் பெட்டி வரைக்கும் முடிச்சுடுங்க. 75 பெட்டிதான், ஆனா இதுல மின்சாரம் கிடையாது, கெட்டுப்போக உள்ளே கருவியும் கிடையாது. கடைசி 50 மீட்டர் டிராப் கேபிளை இணைப்பு கேட்டவங்களுக்கு மட்டும் இழுங்க. செலவு வருமானத்தோட கூடவே வரும். ஸ்ப்ளிட்டரை கேபினட்ல ஒரே இடமா வெச்சா, ஆள் சேர சேர போர்ட்டை நிரப்பலாம், எக்ஸ்சேஞ்சில அரைகுறையா ஓடற போர்ட் குறையும். பதிலுக்கு கேபினட்டுக்கு அப்பால வீட்டுக்கு ஒரு இழை வேணும். 1:4, அப்புறம் பெட்டியில 1:8-னு ரெண்டா பிரிச்சா இழை மிச்சம், ஆனா ரெண்டு பேர் மட்டும் சேர்ந்த பெட்டியில ஆறு போர்ட் தூங்கும். பாதிக்கு மேல வீடுகள் சேரும்னு உறுதியா தெரிஞ்சா ரெண்டாவது. தெரியலைன்னா முதலாவது.

டிராப் போடும்போது வர்ற கோளாறுகள்ல முக்காவாசி ரெண்டே ரெண்டு. அழுக்கு கனெக்டர், இறுக்கமான வளைவு. சொருகறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், புதுசா பொட்டலம் பிரிச்சதா இருந்தாலும். பச்சை ஏபிசி கனெக்டரை நீல யுபிசி-ல சொருகாதீங்க, முனை சாய்வா இருக்கிறதும் நேரா இருக்கிறதும் நடுவுல இடைவெளி விடும். வீட்டுக்குள்ள 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரைக்கும் வளைவு தாங்கற ஜி.657.ஏ2 ஃபைபர் போடுங்க. வளைவுதான் காரணமான்னு சந்தேகம்னா 1310, 1550 ரெண்டுலயும் அளங்க. சாதாரணமா 1550-ல இழப்பு குறைவா வரணும். கூடுதலா வந்தா எங்கேயோ மடங்கியிருக்கு. ஓஎன்டி-ல வந்து சேர்ற ஒளியோட அளவு (அதை டிபிஎம்-ல சொல்வாங்க) உங்க கணக்குப்படி மைனஸ் 19 டிபிஎம் சுமார் வரணும். மைனஸ் 27 அதோட எல்லை. மைனஸ் 25 காட்டினாலே, ஓடுதேன்னு விட்டுட்டு வராதீங்க.

ஒரு பான் போர்ட்ல 32 வீடும் ஒண்ணா விட்டு விட்டு விழுதுன்னா கேபிளைத் தோண்டறதுக்கு முன்னாடி, தன் முறை வராதப்போ ஒளி அனுப்பற கெட்டுப்போன ஓஎன்டி ஒண்ணு இருக்கான்னு பாருங்க. ஸ்ப்ளிட்டர்ல ஒவ்வொரு காலா கழட்டிப் பார்த்தா மாட்டிக்கும்.

கடைசியா, அந்தப் பழைய காப்பர். வீடுகள் மாறின உடனே அதை வெட்டிடாதீங்க. பழைய டெலிபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில இருந்து 48 வோல்ட்டா கம்பியிலயே வந்துட்டு இருந்தது. ஓஎன்டி வீட்டு மின்சாரத்துல ஓடுது, கரன்ட் போனா பேச்சும் போயிடும். லிஃப்ட்டுக்குள்ள இருக்கிற அவசர ஃபோன், தீ அலாரம், திருட்டு அலாரம் இதுல எதெல்லாம் அந்த ஜோடிகள்ல தொங்குதுன்னு கட்டடம் கட்டடமா பட்டியல் எடுங்க. அதுக்கெல்லாம் ஓஎன்டி பக்கத்துல பேட்டரி வெச்சு, மெயின் ஸ்விட்சை அணைச்சுப் பார்த்து, அலாரம் அடிக்குதான்னு உறுதி பண்ணின பிறகு அந்தந்த ஜோடியைக் கழட்டுங்க.